மிடில் வாட்ச், டாக் வாட்ச், எட்டு மணி: முன்னாள் கடற்படையினர் பேச்சில் வரும் கப்பல் வாழ்க்கை – கேள்வி பதில்

கடற்படையில் இருந்தவர்கள் இரண்டு பேர் சேர்ந்து பேச ஆரம்பித்தால் பக்கத்தில் இருப்பவர்களுக்குப் பாதி புரியாது. எத்தனையோ வருடம் மூச்சு விடுவதுபோலச் செய்த வேலை என்பதால் அதை நிறுத்தி விளக்க அவர்களுக்குத் தோன்றுவதும் இல்லை. அப்பாவோ தாத்தாவோ சொன்னதைக் கேட்டு வளர்ந்தவர்கள், புதிதாகப் படையில் சேரப்போகிறவர்கள், நினைவுகளை எழுதி வைக்க நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. கப்பலில் காரணமில்லாத பழக்கம் என்று ஒன்று கிடையாது. எனவே பழக்கத்தோடு அதன் காரணமும் சொல்லப்பட்டிருக்கிறது.

வாட்ச் என்றால் என்ன? எப்படிப் பிரிக்கிறார்கள்?

கடலில் கப்பல் தூங்காது. அதனால் 24 மணி நேரத்தையும் முறைவைத்துப் பங்கிடுகிறார்கள். அந்த ஒவ்வொரு பங்கும் ஒரு வாட்ச். இரவு 8 முதல் 12 வரை ஃபர்ஸ்ட் வாட்ச், 12 முதல் 4 வரை மிடில் வாட்ச், விடிகாலை 4 முதல் 8 வரை மார்னிங், 8 முதல் பகல் 12 வரை ஃபோர்நூன், 12 முதல் 4 வரை ஆஃப்டர்நூன். மாலை 4 முதல் 8 வரையுள்ள நேரத்தை மட்டும் இரண்டாக உடைத்து, இரண்டிரண்டு மணி நேர டாக் வாட்ச்களாக வைத்தார்கள்.

டாக் வாட்ச் எதற்கு என்று கேட்பவர்கள் நிறைய. நான்கு மணி நேர வாட்ச் ஆறு என்று வைத்தால், இரண்டு அணியோ மூன்று அணியோ மாறி மாறி வரும்போது ஒரே அணிக்குத் தினமும் அதே நேரம்தான் விழும். நள்ளிரவு வேலை ஒருவர் தலையிலேயே நிற்கும். ஒன்றை இரண்டாக்கினால் வாட்ச்கள் ஏழாகின்றன. ஏழு ஒற்றைப்படை எண், மூன்றாலும் வகுபடாது. அதனால் முறை தானாகவே நாளுக்கு நாள் நகரும். கூடவே, இரண்டு அணிகளுக்கும் மாலை உணவுக்கு நேரம் கிடைக்கும்.

மணி அடிப்பது அரை மணிக்கு ஒன்று. வாட்ச் தொடங்கி அரை மணி ஆனால் ஒரு அடி, ஒரு மணி நேரத்துக்கு இரண்டு, இப்படி நான்கு மணி நேரம் முடியும்போது எட்டு. அதுதான் அவர்கள் பேச்சில் வரும் 'எட்டு மணி'. இரண்டிரண்டாகச் சேர்த்து அடிப்பார்கள். மிடில் வாட்சில் இரண்டு ஜோடியும் ஒரு தனி அடியும் கேட்டால் ஐந்து அரை மணி, அதாவது அதிகாலை 2.30.

மிடில் வாட்சைப் பற்றி மட்டும் எல்லோரும் ஏன் அவ்வளவு பேசுகிறார்கள்?

உடம்பு தூங்கியே தீருவேன் என்று அடம்பிடிக்கும் நேரம் அது. வாட்ச் ஒப்படைப்பும் அந்த நேரத்தில்தான் மிகக் கறாராக நடக்கும். பொறுப்பேற்க வருபவர் கால் மணி நேரம் முன்பே, கப்பலை இயக்கும் இடமான பிரிட்ஜுக்கு வந்துவிட வேண்டும். வெளிச்சமான இடத்திலிருந்து வருபவரின் கண் இருட்டுக்கு முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். அதனால்தான் இரவில் உள் நடைபாதைகளில் சிவப்பு விளக்கு எரியும். சிவப்பு ஒளி கண்ணின் இரவுப் பார்வையை அதிகம் குலைக்காது. ஒரே ஒரு தீக்குச்சி வெளிச்சம் போதும், அரை மணி நேரப் பழக்கம் வீணாகிவிடும்.

வந்தவர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை: கப்பலின் திசை, வேகம், இருப்பிடம், சுற்றியுள்ள கப்பல்கள் எந்தெந்தத் திசையில் எவ்வளவு தூரத்தில், எந்த ஜெனரேட்டர் ஓடுகிறது, எது பழுது, கேப்டன் எழுதி வைத்த இரவு உத்தரவு, எப்போது அவரை எழுப்ப வேண்டும் என்பது. கப்பல் ஒரு திருப்பத்தின் நடுவில் இருந்தால் அது முடியும்வரை பொறுப்பு மாறாது. முடிந்ததும் 'வாட்ச் என்னிடம்' என்று வாய்விட்டு எல்லோருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும், கப்பலின் அன்றாடப் பதிவேடான லாக் புத்தகத்தில் பதிய வேண்டும். தலையசைப்பு செல்லாது. இரண்டு பேரும் மற்றவர்தான் பார்க்கிறார் என்று நினைத்திருக்கும் அந்த அரை நிமிடத்தைத்தான் இந்தச் சடங்கு ஒழிக்கிறது.

லுக்அவுட், அதாவது கண்காணிப்பு, நின்றவர் உண்மையில் எதைப் பார்த்தார்? ரேடார் இருக்கும்போது மனிதர் எதற்கு?

சிறு மரப்படகு, மிதக்கும் மரக்கட்டை, தண்ணீரில் ஒரு தலை ஆகியவை அலைகளின் எதிரொலிக்கு நடுவே ரேடாரில் காணாமல் போகும். கண்ணாலும் காதாலும் சரியான கண்காணிப்பு எந்நேரமும் இருக்க வேண்டும் என்று 1972-ஆம் ஆண்டின் பன்னாட்டுக் கடல் மோதல் தடுப்பு விதிகளில் ஐந்தாம் விதி சொல்கிறது.

அடிவானம் எவ்வளவு தூரம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. கண் இருக்கும் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 2.08 ஆல் பெருக்கினால் கடல் மைலில் விடை வரும். 16 மீட்டர் உயரத்தில் நிற்பவருக்கு 8.3 கடல் மைல், ஏறக்குறைய 15 கிலோமீட்டர். எதிரெதிரே 15 நாட் (மணிக்கு 15 கடல் மைல்) வேகத்தில் வரும் இரண்டு கப்பல்கள் அந்தத் தூரத்தை 17 நிமிடத்துக்குள் தின்றுவிடும்.

இருட்டில் ஒன்றை நேராக உற்றுப் பார்த்தால் அது மறைந்துவிடும். விழித்திரையின் நடுப்பகுதி மங்கிய ஒளியில் வேலை செய்யாது. எனவே பொருளுக்குச் சற்றுப் பக்கத்தில் பார்வையை வைக்கப் பழக்குவார்கள். தனக்குக் கொடுத்த பகுதியைத் துண்டு துண்டாக, ஒவ்வொன்றிலும் சில விநாடி நிறுத்திப் பார்க்க வேண்டும். தலையை ஒரே வீச்சில் திருப்பினால் கண் ஒன்றையும் பிடிக்காது.

எதிரே சிவப்பு, பச்சை இரண்டு விளக்கும் சேர்ந்து தெரிந்தால் அந்தக் கப்பல் நேராக நம்மை நோக்கி வருகிறது. சிவப்பு மட்டும் என்றால் அதன் இடப்பக்கம், பச்சை என்றால் வலப்பக்கம். இவற்றையெல்லாம்விட முக்கியமானது திசைக்கோணம். இன்னொரு கப்பலின் திசையைத் திசைகாட்டியில் எடுத்து ஓரிரு நிமிடம் கழித்து மறுபடி எடுங்கள். கோணம் மாறாமல் தூரம் மட்டும் குறைந்துகொண்டே வந்தால் மோதல் நிச்சயம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். மிகப் பெரிய கப்பலை நெருங்கும்போதும், எந்தக் கப்பலும் மிக அருகில் இருக்கும்போதும், கோணம் மாறினாலும் ஆபத்து உண்டு என்று விதி தனியாக எச்சரிக்கிறது.

எவ்வளவு நேரம் தூங்கினார்கள்?

நான்கு மணி நேர வேலை, எட்டு மணி நேர இடைவெளி என்று கேட்டால் போதுமானதாகத் தோன்றும். அந்த எட்டு மணிக்குள்தான் சுத்தம் செய்வது, இயந்திரப் பராமரிப்பு, பயிற்சி, சாப்பாடு, துணி எல்லாம். போர் நிலையில் இரண்டே அணியாகப் பிரித்து ஆறு மணி வேலை, ஆறு மணி ஓய்வு என்று போகும்போது தொடர்ச்சியான தூக்கம் நான்கு மணியைத் தாண்டுவது அரிது. அமெரிக்க நீர்மூழ்கிகளில் பல காலம் ஒரு 'நாள்' 18 மணி நேரமாக இருந்தது: ஆறு மணி வாட்ச், பன்னிரண்டு மணி மற்றவை. உடலின் கடிகாரம் அதற்குப் பழகவே பழகாது. 2010-களின் நடுப்பகுதியில் 24 மணி நேர முறைக்கு மாற்றினார்கள்.

தூக்கமின்மையை வீரத்தின் அடையாளமாகச் சொல்லும் வழக்கம் எல்லாக் கடற்படையிலும் இருந்தது. அது தவறு. 2017-இல் ஜூன் மாதம் ஃபிட்ஸ்ஜெரால்ட், ஆகஸ்ட் மாதம் ஜான் எஸ். மெக்கெய்ன் என்ற இரண்டு அமெரிக்கப் போர்க்கப்பல்கள் வணிகக் கப்பல்களோடு மோதின. முதலாவதில் 7 பேரும் இரண்டாவதில் 10 பேரும் இறந்தார்கள். விசாரணைகள் சுட்டிய காரணங்களில் களைப்பும் ஒன்று. அதன் பிறகே தினமும் ஒரே நேரத்தில் தூங்கும்படி வாட்ச் அமைப்பது மேற்பரப்புக் கப்பல்களில் கட்டாயமானது.

படுக்கை? பழைய கப்பல்களில் தொங்கும் ஹாமக். காலையில் அதைச் சுருட்டி ஏழு சுற்றுக் கயிறு போட்டு இறுக்கிக் கட்ட வேண்டும். இறுக்கிக் கட்டியது கொஞ்ச நேரம் மிதக்கும், கப்பல் உடைப்பில் திணித்து அடைக்கவும் உதவும். பின்னர் வந்தவை மூன்றடுக்குப் பங்க். இடம் போதாத நீர்மூழ்கியில் ஒருவர் எழுந்ததும் அதே பங்கில் மற்றவர் படுப்பார், மெத்தையில் முந்தியவரின் சூடு ஆறியிருக்காது.

கடலில் இருந்துகொண்டு தண்ணீருக்கு ஏன் பஞ்சம்?

ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. அதை நீக்க இரண்டு வழி. அழுத்தம் குறைந்த கலத்தில் கடல்நீரைக் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்க வைத்து ஆவியைக் குளிர்விப்பது ஒன்று. 55 முதல் 70 பார் அழுத்தத்தில் சவ்வு வழியாகத் தள்ளுவது மற்றொன்று. முதல் வகையில் குழாய்களில் உப்புப் படலம் பிடித்து உற்பத்தி சரியும். இரண்டாவதில் எண்ணெயும் சேறும் சவ்வைக் கெடுத்துவிடும். அதனால் துறைமுகத்திலும் கரையோரத்திலும் சவ்வு இயந்திரத்தை நிறுத்தி வைப்பார்கள். கரைக்கு அருகில்தான் தண்ணீர்க் கட்டுப்பாடு கூடும் என்பது கேட்பவர்களுக்கு வியப்பாக இருக்கும். காரணம் இதுதான்.

நீராவிக் கப்பல்களில் இன்னொரு பங்காளி உண்டு: பாய்லர். கலப்படமில்லாத நீர் முதலில் அதற்கு, மிஞ்சியது மனிதர்களுக்கு. நீராவிக் குழாயில் எங்கோ கசிவு இருந்தால் முதல் அடையாளம் குளியலறை பூட்டப்படுவதுதான். குளிக்கும் முறையும் அளவானது. அரை நிமிடம் நனைந்து குழாயை மூடி, சோப்புப் போட்டுத் தேய்த்து, மறுபடி திறந்து ஒரு நிமிடத்தில் கழுவி முடிக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு லிட்டரில் வேலை முடியும். ஓய்வுபெற்றுப் பல வருடம் ஆனவர்களும் வீட்டில் சோப்புப் போடும்போது கை தானாகக் குழாயை மூடுவதைப் பார்க்கலாம்.

கடற்படையினருக்கும் குமட்டல் வருமா?

வரும். டிராஃபல்கர் போரில் வென்ற பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனுக்கே வாழ்நாள் முழுவதும் இருந்தது. கண் 'அறை அசையவில்லை' என்கிறது, உள்காது 'அசைகிறது' என்கிறது. இந்த முரண்பாட்டில் பிறப்பதுதான் குமட்டல். பெரும்பாலானோருக்கு இரண்டு மூன்று நாளில் பழகும். நீண்ட நாள் கரையில் இருந்துவிட்டு ஏறினால் மறுபடி வரும். மாத்திரை வாந்தி தொடங்கிய பிறகு வயிற்றில் நிற்காது, கப்பல் புறப்பட ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். வயிற்றைக் காலியாக வைப்பது பெரும் தவறு. உலர்ந்த ரொட்டி போல ஏதாவது கொஞ்சம் இருக்க வேண்டும். அசைவு குறைவாக உள்ள இடம் கப்பலின் நீளத்தில் நடுப்பகுதி, உயரத்தில் கீழ்த்தளம். ஆனால் அங்கே அடிவானம் தெரியாது. நடுப்பகுதியில் மேல்தளத்தில் நின்று அடிவானத்தைப் பார்ப்பது நல்ல சமரசம்.

இன்ஜின் ரூமில் துடைப்பத்தை முன்னால் நீட்டிக்கொண்டு நடந்தார்களாமே?

உண்மைதான். உயர் அழுத்த நீராவிக் கப்பல்களில் நீராவி 80 பார் அழுத்தத்தையும் 500 டிகிரி செல்சியஸ் வெப்பத்தையும் தொடும். அவ்வளவு சூடான நீராவி கண்ணுக்குத் தெரியாது. நாம் வெள்ளையாகப் பார்ப்பது குளிர்ந்து துளியான பிறகுதான். ஊசித்துளைக் கசிவு என்றால் காதைக் கிழிக்கும் சீறல் மட்டும் கேட்கும், எங்கிருந்து என்று தெரியாது. கையை நீட்டித் தேடினால் கை போய்விடும். எனவே துடைப்பக் கட்டையை முகத்துக்கு முன்னால் மேலும் கீழும் மெதுவாக ஆட்டிக்கொண்டு ஓரடி ஓரடியாக நகர்வார்கள். கட்டை எங்கே வெட்டுப்படுகிறதோ, துடைப்ப இழைகள் எங்கே பறக்கின்றனவோ, அங்கே கசிவு. பிறகு வால்வை மூடி அந்தப் பகுதியைத் தனிப்படுத்த வேண்டும்.

கதவை மூடுவதில் அப்படி என்ன பெரிய விஷயம்?

நீர்புகாக் கதவு மூடியிருந்தால் ஒரு அறை நிரம்பும். திறந்திருந்தால் கப்பல் நிரம்பும். அதனால்தான் ஒரு கதவைத் திறக்கக்கூட அனுமதி கேட்டு, பதிவு செய்து, மூடியதும் மறுபடி சொல்ல வேண்டும். கதவுகளில் எக்ஸ், ஒய், இசட் என்று எழுத்து இருக்கும். அமெரிக்கர்கள் இவற்றை எக்ஸ்ரே, யோக், ஸீப்ரா என்பார்கள். துறைமுகத்தில் பாதுகாப்பாக இருக்கும்போது எக்ஸ் மட்டும் மூடியிருக்கும். கடலில் ஒய்யும் சேரும். போர் நிலையில் மூன்றும். முன்னாள் மாலுமி ஒருவர் 'ஸீப்ரா போட்டாச்சு' என்று சொன்னால் கப்பல் முழுவதும் அறை அறையாகப் பூட்டப்பட்டது என்று பொருள்.

தனித்தனிக் கொண்டிகள் உள்ள கதவை மூட ஒரு வரிசை உண்டு. முதலில் கதவு சுழலும் கீலுக்கு எதிர்ப்பக்கத்துக் கொண்டி ஒன்றை, கதவு நிற்கும் அளவுக்கு மட்டும் லேசாக. பிறகு மற்றவற்றைச் சமமாக இறுக்க வேண்டும். ஒரு பக்கத்தை முழுதாக இறுக்கிவிட்டால் மறுபக்கம் ரப்பர் சரியாகப் பதியாது. திறக்கும்போது கீல் பக்கத்துக் கொண்டிகளை முதலில் தளர்த்த வேண்டும். அப்போதுதான் கதவு துள்ளாது, மற்றவையும் எளிதாகக் கழலும். மறுபக்கம் தண்ணீரோ தீயோ இருக்கலாம் என்பதால் எதிர்ப்பக்கத்தை எடுத்தவுடன் கழற்றக் கூடாது.

சோதனை மிக எளிது. சட்டத்தின் உலோக விளிம்பில் சுண்ணாம்புக் கட்டியைத் தேய்த்துவிட்டு, கதவை முழுதாக இறுக்கித் திறந்தால் ரப்பரில் வெள்ளைக் கோடு விழுந்திருக்க வேண்டும். கோடு அறுந்திருக்கும் இடம் கசியும் இடம். பெரும்பாலும் குற்றவாளி பெயின்ட்தான். அழகுக்காக ரப்பர் மேலேயும் விளிம்பிலும் பூசிவிடுவார்கள், ரப்பர் கட்டியாகி வெடித்துவிடும். ரப்பருக்கு ஒருபோதும் பெயின்ட் அடிக்கக் கூடாது.

துளை விழுந்தால் எவ்வளவு தண்ணீர் வரும்? எப்படி அடைப்பார்கள்?

நீர்மட்டத்துக்கு 3 மீட்டர் கீழே 10 சென்டிமீட்டர் விட்டத்தில் ஒரு துளை என்று வைத்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு ஏறக்குறைய 36 லிட்டர், மணிக்கு 130 டன் வரும். அதே துளையை 5 சென்டிமீட்டராகக் குறைத்தால் வரத்து கால்பங்காகிவிடும். முழுதாக அடைக்க முடியாவிட்டாலும் பாதியாவது அடை என்று சொல்லிச் சொல்லிப் பழக்குவது இதனால்தான். மீதியைப் பம்பு சமாளிக்கும்.

சிறு துளைக்குக் கூம்பு வடிவ மரத் தக்கை. மென்மரமாக, பெயின்ட் படாததாக இருக்க வேண்டும். நனைந்ததும் ஊறிப் பருத்து இறுகும். துணியைச் சுற்றி அடித்தால் கிழிந்த விளிம்பின் இடுக்குகளும் மூடும். பிதுங்கும் சுவருக்கு முட்டுக்கொடுக்க வேண்டும். முட்டுமரத்தின் நீளம் அதன் மிகக் குறைந்த தடிமனைப்போல 30 மடங்கைத் தாண்டினால் வளைந்து ஒடியும். ஆப்பு தடிமனைப்போல ஆறு மடங்கு நீளம். இதைவிடக் குட்டையாகவும் செங்குத்தாகவும் இருந்தால் அதிர்வில் துள்ளி வெளியே வந்துவிடும். மரத்தை அளந்த நீளத்தைவிட ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாகக் குறைத்து வெட்டுவார்கள், ஆப்பு இறங்க இடம் வேண்டுமே. பிதுங்கிய தகட்டைப் பழைய இடத்துக்குத் தள்ள முயலக் கூடாது. இருக்கும் நிலையில் தாங்கினால் போதும், தள்ளினால் கிழியும்.

உள்ளே வந்த தண்ணீரின் எடையைவிட அது புரள்வது ஆபத்து. அகலமான அறையில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றாலும், கப்பல் சாயும் பக்கமெல்லாம் ஓடிச் சாய்வைக் கூட்டும். கூரைவரை நிரம்பிய அறையைவிடப் பாதி நிரம்பிய அறை கப்பலைக் கவிழ்க்க வல்லது.

தீ என்றால் கடல்நீரை ஊற்றினால் போயிற்று, இல்லையா?

அப்படி ஊற்றியதால் கவிழ்ந்த கப்பல் இருக்கிறது. 1942 பிப்ரவரி 9 அன்று, படைகளை ஏற்றும் கப்பலாக மாற்றப்பட்டுக்கொண்டிருந்த நார்மண்டி என்ற பெரும் பயணக் கப்பல் நியூயார்க் துறையில் தீப்பிடித்தது. உலோகம் வெட்டும் வேலையில் பறந்த பொறி, குவித்து வைத்திருந்த உயிர்காப்பு அங்கிகளில் விழுந்ததே காரணம். மேல்தளங்களில் இறைத்த தண்ணீர் வடிய வழியில்லாமல் தேங்கி, மறுநாள் அதிகாலைக்குள் கப்பல் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தது. அதனால் தீயணைப்புப் பயிற்சியில் ஹோஸ் பிடிப்பவரோடு தண்ணீரை வெளியேற்றுபவரும் கணக்கில் உண்டு.

எண்ணெய்த் தீக்கு நுரை. நுரை ஒரு போர்வைபோல மேலே படர்ந்து ஆவியைத் தடுக்கும். 1967 ஜூலை 29-இல் ஃபாரஸ்டல் என்ற விமானந்தாங்கிக் கப்பலில் தவறுதலாகப் பாய்ந்த ராக்கெட் ஒன்று எரிபொருளைக் கொட்டித் தீ மூட்டியது. ஒன்றரை நிமிடத்திலேயே முதல் குண்டு வெடித்தது. பயிற்சி பெற்ற தீயணைப்பு அணியின் பெரும்பகுதி அதிலேயே அழிந்தது. பிறகு உதவிக்கு ஓடிவந்தவர்களில் சிலர் கடல்நீரை அடித்து, மற்றவர்கள் போட்ட நுரையைக் கழுவிவிட்டார்கள். 134 பேர் இறந்தார்கள். சமையல்காரராக இருந்தாலும் எழுத்தராக இருந்தாலும் ஒவ்வொருவருக்கும் தீயணைப்புத் தெரிந்திருக்க வேண்டும் என்று முன்னாள் கடற்படையினர் அழுத்திச் சொல்வதன் பின்னணி இது.

உள்ளறைத் தீயில் செய்யும் வேலை இப்படிப் போகும். அறைக்கு மின்சாரம், காற்றோட்டம், எரிபொருள் மூன்றையும் நிறுத்த வேண்டும். அறை ஒரு பெட்டி, அதற்கு ஆறு பக்கம். ஆறிலும், மேலே கீழே உட்பட, எல்லையில் ஆள் நிறுத்திச் சுவரைக் குளிர்விக்க வேண்டும், எரியக்கூடியவற்றை நகர்த்த வேண்டும். எஃகு வெப்பத்தைக் கடத்தும் என்பதால் பக்கத்து அறைப் பெயின்ட் தானாகப் பற்றும். கதவைப் புறங்கையால் தொட்டுப் பார்த்து, ஹோஸில் தண்ணீர் ஏற்றிய பிறகே திறக்க வேண்டும். தாழக் குனிந்து நுழைய வேண்டும். காற்றுக் குப்பி 45 நிமிடத்துக்கு என்று எழுதியிருந்தாலும் கடும் உழைப்பில் அரை மணிகூட வராது. ஒவ்வொருவரும் எத்தனை மணிக்கு முகமூடி மாட்டினார் என்று வெளியே ஒருவர் எழுதிக்கொண்டே இருப்பார். அணைந்த பின்னும் ஒருவர் ஹோஸோடு அங்கேயே காவல் நிற்பார். அணைந்ததாக நம்பிய தீ மறுபடி மூளுவது சர்வசாதாரணம்.

ஓடிக்கொண்டே எரிபொருள் நிரப்புவது எப்படி?

இரண்டு கப்பல்களும் 12 முதல் 16 நாட் வேகத்தில், 30 முதல் 50 மீட்டர் இடைவெளியில் இணையாகப் போகும். கொடுக்கும் கப்பல் திசையையும் வேகத்தையும் மாற்றாது. வாங்கும் கப்பல்தான் தன்னைச் சரிசெய்துகொள்ளும், அதுவும் திசையில் ஒரு டிகிரி, புரொப்பெல்லரில் ஓரிரு சுழற்சி என்ற அளவில். இரண்டு உடல்களுக்கு நடுவே தண்ணீர் நெருங்கி வேகமாக ஓடுவதால் அங்கே அழுத்தம் குறைந்து கப்பல்கள் ஒன்றையொன்று இழுக்கும். சுக்கான் பிடிப்பவர் அரைக் கணம் கவனம் பிசகினாலும் இடைவெளி கரைந்துவிடும். இடைவெளி தெரிய, நடுவில் நிறக் கொடிகள் கட்டிய ஒரு கயிறு போகும்.

தளத்தில் நிற்பவருக்குப் பெரிய எதிரி கயிறு. நைலான் கயிறு அறுவதற்கு முன் ரப்பர்போல நீளும். அறுந்ததும் அந்தச் சக்தியோடு தான் நீண்ட வழியே திரும்பி வரும். கால் எலும்பை முறிக்கும், உயிரையும் எடுக்கும். அதனால் இரண்டு விதி: கயிற்றின் வளைவுக்குள் கால் வைக்கக் கூடாது, இழுபடும் கயிறு போகும் நேர்க்கோட்டில் நிற்கக் கூடாது.

ஒருவர் கடலில் விழுந்துவிட்டால்?

15 நாட் வேகத்தில் கப்பல் ஒரு நிமிடத்தில் 460 மீட்டர் போய்விடும். அலைக்கு நடுவே ஒரு தலை அந்தத் தூரத்தில் தெரியாது. எனவே பார்த்தவர் எந்தப் பக்கம் என்று கத்தி, கையில் கிடைத்த மிதவையை வீசி, புகைக்குறியைப் போட்டு, அதன் பிறகு ஒரே வேலைதான் செய்ய வேண்டும்: விழுந்தவரைக் கையால் சுட்டிக்கொண்டே நிற்பது. யார் கூப்பிட்டாலும் கண்ணை எடுக்கக் கூடாது. பிரிட்ஜில் சுக்கானை அவர் விழுந்த பக்கமே திருப்புவார்கள். அப்போது கப்பலின் பின்பகுதியும் புரொப்பெல்லரும் அவரிடமிருந்து விலகும்.

ஆள் கண்ணில் இருந்தால் அப்படியே ஒரு முழு வட்டம் அடிப்பதுதான் விரைவு. இரவிலோ மூடுபனியிலோ வில்லியம்சன் திருப்பம் எடுப்பார்கள். விழுந்த பக்கம் முழுச் சுக்கான், திசை 60 டிகிரி மாறியதும் எதிர்ப்பக்கம் முழுச் சுக்கான், வந்த திசைக்கு நேரெதிர்த் திசையை எட்ட 20 டிகிரி இருக்கும்போது சுக்கானை நடுவுக்கு. கப்பல் தான் வந்த தடத்திலேயே திரும்பிப் போகும். குளிர்ந்த நீரில் விழுந்தவருக்கு முதல் ஒரு நிமிடம் மூச்சை அடக்கும் போராட்டம். அடுத்த பத்து நிமிடம்வரைதான் கைவிரல் சொன்னபடி கேட்கும். சுமார் ஒரு மணி நேரத்தில் நினைவு தப்பும். உயிர்காப்பு அங்கி இல்லாவிட்டால் இரண்டாம் கட்டத்திலேயே மூழ்கிவிடுவார்.

நீர்மூழ்கியில் மூச்சுக்காற்று எங்கிருந்து?

அணுசக்தி நீர்மூழ்கியில் தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து ஆக்சிஜன் எடுத்து, ஹைட்ரஜனைக் கடலில் விடுவார்கள். கரியமில வாயுவை அமீன் என்ற திரவம் உறிஞ்சும். எவ்வளவு உறிஞ்சினாலும் வெளிக்காற்றைவிடப் பல மடங்கு மிஞ்சி நிற்கும், தலைவலி அதனால்தான். அமீன், டீசல், சமையல் எண்ணெய் மூன்றும் கலந்த வாடை துணியில் ஏறினால் பல துவைப்புக்கும் போகாது. குடும்பத்தினர் முதலில் நினைவுகூர்வது இந்த வாடையைத்தான்.

டீசல் நீர்மூழ்கி குழாயை நீருக்கு மேல் நீட்டிக் காற்று வாங்கும். அலை குழாய் வாயை மூடும்போது வால்வு அடைத்துக்கொள்ளும். இன்ஜினோ உள்ளிருக்கும் காற்றையே உறிஞ்சும். எல்லோருடைய காதும் ஒரே நேரத்தில் 'டப்' என்று அடைக்கும், அலை விலகியதும் திறக்கும். கடல் கொந்தளித்தால் இரவு முழுக்க இதுதான்.

பழைய கப்பலில் இருந்தவர்கள் இப்போது உடல்நிலையில் எதைக் கவனிக்க வேண்டும்?

இரண்டைக் கட்டாயம். ஒன்று ஆஸ்பெஸ்டாஸ். 1970-கள்வரை கட்டிய கப்பல்களில் பாய்லர், நீராவிக் குழாய்களின் மேலுறை பெரும்பாலும் அதுதான். அதனால் வரும் நுரையீரல் நோய்களும் மீசோதீலியோமா புற்றுநோயும் 20 முதல் 50 வருடம் கழித்துத் தலைகாட்டும். மூச்சிரைப்பு, ஆறாத இருமல் என்று போனால், எந்தக் கப்பல் வகை, எந்தப் பகுதியில் வேலை, எத்தனை வருடம் என்று மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள். அவர் கேட்காமல் இருக்கக்கூடும். புகைப்பழக்கமும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் அபாயம் பல மடங்கு.

இன்னொன்று காது. எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபெல் ஒலி என்பது வரம்பு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் தாங்கும் நேரம் பாதியாகும். இன்ஜின் ரூம் 100-ஐத் தாண்டும், அங்கே கணக்குப்படி கால் மணி நேரம்தான். காதில் ஓயாத ரீங்காரம் இருந்தால் வயதின் மேல் பழி போடாமல் கேட்புச் சோதனை செய்து, பணிக்காலத்தைக் குறிப்பிட்டுப் பதிவு செய்யுங்கள்.

வீட்டில் ஒரு முன்னாள் கடற்படையினர் இருக்கிறார். அவர் நினைவுகளை எப்படிக் கேட்டுப் பதிவது?

'உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்' என்று ஆரம்பித்தால் இரண்டு வரியில் முடித்துவிடுவார். ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து, தூங்கிய இடத்தை வரையச் சொல்லுங்கள். பங்க் எத்தனையாவது அடுக்கு, தலைமாட்டில் என்ன குழாய் ஓடியது, அலாரம் அடித்தால் எந்த ஏணியில் ஏறி எங்கே போய் நிற்க வேண்டும், கையில் என்ன இருந்தது என்று கேளுங்கள். இடம் வந்துவிட்டால் பேச்சு தானாக வரும். ஒரு அமர்வு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். ஃபோனை விமானப் பயன்முறையில் வைத்து, மின்விசிறியை நிறுத்தி, அவரிடமிருந்து ஒரு கை தூரத்தில் வையுங்கள். பதிவின் தொடக்கத்தில் தேதி, பெயர், கப்பல், பணிக்காலம் சொல்லிவிடுங்கள். மூன்று பிரதி எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள்.

நேரில் பார்த்தது எது, பிறகு கேள்விப்பட்டது எது என்று பிரித்துக் கேட்பது மிக அவசியம். இரண்டு பயணங்கள் நினைவில் ஒன்றாகக் கலந்துவிடுவது இயல்பு. கேப்டன் மாறிய சமயம், கப்பல் பழுதுபார்ப்புக்குப் போன சமயம் என்று முளை அடித்துக்கொண்டால் ஆண்டுகள் தெளியும். ஆவணக் காப்பகத்தில் கப்பலின் லாக் கிடைத்தால் இடம், திசை, காற்று எல்லாம் மணிவாரியாக இருக்கும். அதில் தவறான பதிவை அழிக்க மாட்டார்கள். ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டிருப்பார்கள், அடித்ததையும் படிக்கலாம்.

ஆயுதத்தின் எட்டும் தூரம், சோனார், நீர்மூழ்கி இறங்கும் ஆழம், அலைவரிசை போன்றவற்றைக் கேட்காதீர்கள். ரகசியக் காப்பு ஓய்வோடு முடிவதில்லை. இறந்த தோழரைப் பற்றிப் பேசும்போது மௌனம் வந்தால் அடுத்த கேள்வியால் அதை நிரப்பாதீர்கள், பதிவு ஓடட்டும். இன்னொரு நாள் அவரே தொடர்வார், தொடராமலும் இருப்பார்.

புகைப்படங்களின் பின்னால் பேனாவால் எழுதினால் மை மறுபக்கம் ஊறும். மென்மையான பென்சிலால், அழுத்தாமல், இடமிருந்து வலமாகப் பெயர்களை எழுதுங்கள். எழுத்தாக்கும்போது அவர் 'போர்ட்' என்றால் 'இடப்பக்கம்' என்று திருத்தாதீர்கள். கப்பலின் முன்பக்கம் பார்த்து நிற்கும்போது இடது என்பதுதான் போர்ட், பேசுபவர் எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் அது மாறாது. அவர் சொன்ன சொல்லை அப்படியே விட்டு, பொருளைப் பக்கத்தில் சிறிய எழுத்தில் குறியுங்கள்.